லெந்து நாட்களில் ஒரு கல்யாணம்

அத்தியாயம் 9

கம்பெனி பஸ் ஏழு ஐம்பதுக்கு வரும். வந்தது. ஹாரன் அடித்தது. போனது. ஜெஸ்டன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலிலேயே நின்றான்.

இன்று லீவு சொல்லியிருந்தான். பதினோரு வருடப் பழக்கத்தில் கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. அந்த மின்னஞ்சல் வந்ததிலிருந்து பத்தாவது வேலை நாள். இங்கிலாந்து விசா அலுவலகம் கொடுத்த கெடு அவர்கள் நேரப்படி மாலை ஐந்து. ஆம்பூரில் அப்போது இரவு ஒன்பதரை.

மின்னஞ்சலை அவன் இப்போதெல்லாம் திறப்பதில்லை. மனப்பாடம் ஆகிவிட்டது. மனைவியோடு வந்து வாழ விசா கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு திருமணச் சான்றிதழ்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றின் தேதி 2024 பிப்ரவரி 19. மற்றதன் தேதி ஏப்ரல் 24. ஏப்ரல் சான்றிதழ் நீங்கள் இருவரும் அன்றுவரை மணமாகாதவர்கள் என்கிறது. இதை ஏமாற்று முயற்சி என்று கருதி மறுக்க எண்ணியிருக்கிறோம். விளக்கம் இருந்தால் பத்து வேலை நாட்களுக்குள் அனுப்பலாம். ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டுகளுக்கு விசா கிடையாது.

அவன் மனைவி அக்சா இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ். போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. "பத்து வருஷம்னா எனக்கு நாப்பத்தொண்ணு," என்று போனில் சொன்னாள். அழவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னாள்.

இரண்டு கல்யாணமும் நடந்ததுதான். அந்த வருடம் பிப்ரவரியில் அக்சாவின் வேலை உறுதியானது. உடனே கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டால் பின்னால் புருஷனும் போவது சுலபம் என்று வேலூரில் விசா ஆலோசனை நடத்தும் பூவரசன் சொன்னான். ஆனால் சாம்பல் புதன் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை லெந்து, தவக்காலம்; அந்த நாட்களில் அவர்கள் சபையில் கல்யாணம் கிடையாது. ஆகவே அக்சாவின் ஊரான குடியாத்தத்தில், சார்பதிவாளர் முன்னால், ஆறு பேரோடு ஒரு கல்யாணம். ஈஸ்டர் கழிந்து ஆம்பூர் ஆலயத்தில், ஊரைக் கூட்டி இன்னொன்று. முதல் கல்யாணம் சபையில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டவர் ஜெஸ்டனின் அப்பா சத்தியநாதன்.

"ஜெஸ்டா."

அம்மா தேவகிருபை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வெள்ளைப் புடவை. வார்டு சிஸ்டராக முப்பது வருடம். அவள் குரலை உயர்த்தி அவன் கேட்டதில்லை.

"இன்னாம்மா."

"ஆணியில சர்ச் வெஸ்ட்ரி சாவி இல்ல."

"அப்பா எங்க?"

"நடக்கப் போறேன்னு ஆறு மணிக்குப் போனாரு. நடக்கப் போறவரு பேனாவுக்கு மை போட்டுக்கினா போவாரு?"

ஜெஸ்டன் மற்றக் காலிலும் செருப்பை மாட்டினான்.

"நேத்து சாயங்காலம் அந்த வேலூர்க்காரன் போன் பண்ணான்," என்றாள் அம்மா. "நீ கம்பெனியில இருந்த. அப்பா மாடிக்குப் போய்ப் பேசினாரு. எறங்கி வந்து சாப்பாடு வேணான்ட்டாரு."

"உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"உங்கப்பா என்கிட்ட எப்ப சொன்னாரு, நேத்து சொல்ல. போ. சீக்கிரம் போ."

வண்டியைக் கிளப்புவதற்கு முன் பூவரசனுக்குப் போன் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். டென்ஷன் ஆகாதீங்க. அப்பாகிட்ட எல்லாம் பேசிட்டேன்."

"இன்னா பேசினீங்க?"

"சர்ச் ரிஜிஸ்டர்ல ஓரத்துல ஒரே ஒரு வரி. திருமணம் முன்பே பதிவானது, இது ஆசீர்வாத ஆராதனை மட்டும்னு. அதே கையெழுத்து, அதே மை. அத வெச்சு ஆயர்கிட்ட புது சர்டிபிகேட் ஒண்ணு. பழையது கைத்தவறா குடுத்ததுன்னு ஒரு லெட்டர். சாயங்காலத்துக்குள்ள நான் ஏத்தி விட்டுடறேன்."

"அது ஃபோர்ஜரி சார்."

"பெரிய பெரிய வார்த்தை எதுக்கு தம்பி. கரெக்‌ஷன்."

"பதினோரு மணிக்கு வக்கீலைப் பார்க்கிறோம். நடந்தத நடந்த மாதிரி எழுதிக் குடுக்கப் போறோம்."

எதிர்முனையில் பூவரசனின் குரல் இறங்கியது.

"அப்படி எல்லாம் எழுதாதீங்க. பழசக் கிளறினா அக்சா மேடத்துக்கும் நல்லதில்ல. சொல்றத சொல்லிட்டேன்."

பயம் காட்டுகிறான் என்று நினைத்தான் ஜெஸ்டன். போனைப் பைக்குள் போட்டு வண்டியை உதைத்தான்.

ஆலயத்தின் பக்கக் கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை.

உள்ளே ஆயரின் அறையான வெஸ்ட்ரியில் அங்கிகள் ஆணிகளில் தொங்கின. காணிக்கைப் பைகள் மேசையின் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. மறுபக்கம் சத்தியநாதன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரில் விவாகப் பதிவேடு விரித்திருந்தது. வலது கையில் மூடி கழற்றிய பேனா.

அறுபத்து மூன்று வயது. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாகச் சபைச் செயலர். இந்தப் பதிவேட்டில் பதினெட்டு வருடத்துக் கல்யாணங்களும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. அவர் எழுத்தை ஆயர்கள் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவார்கள்.

"எழுதிட்டீங்களா?"

அவர் நிமிரவில்லை. ஜெஸ்டன் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தைப் பார்த்தான்.

ஜெஸ்டன். அக்சா. வயது. தந்தை பெயர். நிலை என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்: மணமாகாதவர். கீழே அவன் கையெழுத்து, அவள் கையெழுத்து, சாட்சிகள். ஓரம் வெள்ளையாக இருந்தது. பேனா முனையில் மை காய்ந்திருந்தது.

"ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கேன்," என்றார் சத்தியநாதன்.

"நல்ல வேளை."

"நல்ல வேளையும் இல்ல ஒண்ணும் இல்ல. எழுதினாலும் பிரயோஜனம் இல்ல. காப்பி போயிருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தரம் எல்லாப் பதிவையும் காப்பி எடுத்து பதிவுத் துறைக்கு அனுப்பணும். போன வருஷம் ஜூலையிலயே அனுப்பினேன். நானே எழுதி, நானே கவர்ல போட்டு ஒட்டினேன்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

ஜெஸ்டன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆலயத்துக்குள் யாரோ தரை கூட்டும் சத்தம் கேட்டது. இரண்டு வாரமாக வீட்டில் எல்லாம் பேசினார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டான்.

"ஏம்பா அப்படி எழுதினீங்க?"

சத்தியநாதன் பேனாவை மூடினார்.

"டைட்டஸ் மகள் கல்யாணம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டைட்டஸ் அதே சபை. தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கர். அவர் மகளுக்கும் வெளிநாட்டு வேலை, அவசரமாகப் பதிவுக் கல்யாணம், பிறகு ஆலயத்துக்கு வந்தார்கள். கமிட்டியில் சத்தியநாதன் எழுந்து நின்றார். ஏற்கனவே மணமானவர்களுக்கு விவாக அறிக்கை வாசிக்க முடியாது, பதிவேட்டில் எழுத முடியாது, ஆசீர்வாத ஜெபம் மட்டும்தான் என்றார். அது ஒரு புதன்கிழமை சாயங்காலம் நடந்தது. பத்துப் பேர். பூ இல்லை, பாடகர் குழு இல்லை.

"அவரு வீட்டம்மா நம்ம வீட்டுக்கு வந்து அழுதாங்க," என்றார் சத்தியநாதன். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த வருஷமே நீ வந்து நிக்கிற."

"சொல்லியிருக்கலாமே."

"யாருக்கு? டைட்டஸுக்கா? உனக்கும் ஒரு புதன்கிழமை சாயங்காலம். பத்துப் பேரு. என் ஒரே பிள்ளைக்கு. அத என்னால பார்க்க முடியல ஜெஸ்டன்."

வரும் ஞாயிறு சபைத் தேர்தல். செயலர் இடத்துக்கு இரண்டு பெயர்கள். சத்தியநாதன், டைட்டஸ்.

ஜெஸ்டனுக்குக் கோபம் வந்தது. வந்து, வைக்க இடமில்லாமல் நின்றது. சென்னையில் விசா மையத்துக்குப் போன அன்று பதிவுச் சான்றிதழை மட்டும்தான் பூவரசன் வைக்கச் சொல்லியிருந்தான். வாசலில் இறங்கும்போது அப்பா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். ஆலயச் சான்றிதழ். 'ஆபீஸ்ல குடுத்தது பேப்பர். இதுதாண்டா கல்யாணம். இதையும் வை.' அவனும் வைத்தான்.

ஷூ கம்பெனி லைனில் அவன் வேலையே ஜோடி பார்ப்பதுதான். இடது ஷூவும் நல்ல ஷூ, வலதும் நல்ல ஷூ. பக்கத்தில் வைத்தால் ஒன்று ஒரு பிடி கறுப்பு ஜாஸ்தி. குறையைக் காட்டும் வெள்ளி அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பான். ஒரு நாளைக்கு நூறு ஜோடி அப்படித் தள்ளுகிற கை, இந்த ஜோடியைப் பார்க்காமல் கொடுத்துவிட்டது.

"எழுந்திருங்க," என்றான். "வக்கீல் பாய் ஜும்மா தொழுகைக்கு முன்னாடி வரச் சொன்னாரு."

பதிவேட்டின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். சத்தியநாதன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மகனின் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

முனீர் அகமதுவின் அலுவலகம் தோல் ரசாயனக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. எத்தியோப்பியா, வியட்நாம், இத்தாலி என்று ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் காகிதங்கள் எல்லாம் அந்தப் படியில்தான் ஏறி இறங்கும்.

சத்தியநாதனைப் பார்த்ததும் முனீர் எழுந்து நின்றார்.

"வாங்க சார். உக்காருங்க."

"நீ உக்காருப்பா."

"நீங்க உக்காராம நான் உக்கார்ந்தா முட்டி மேல அடிப்பீங்க. கணக்குல எனக்கு நாப்பத்திரண்டு போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"நாப்பத்தொண்ணு," என்றார் சத்தியநாதன்.

முனீர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மின்னஞ்சலின் நகலை மேசையில் போட்டார்.

"நான் அந்த ஊரு சட்டத்துக்கு வக்கீல் இல்ல. அத முதல்ல சொல்லிடறேன். லண்டன்ல ஒரு சொலிசிட்டரம்மா இருக்காங்க. நேத்து அவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். அவங்க சொல்றத செய்யிறேன். அவ்ளோதான்."

"சொல்லுங்க பாய்," என்றான் ஜெஸ்டன்.

"இது மறுப்பு இல்ல. மறுக்கறதுக்கு முன்னாடி உன்னக் கேட்கிறாங்க. கேட்காம ஏமாத்துக்காரன்னு முத்திரை குத்த முடியாது, அது உன் உரிமை. ரெண்டாவது, தப்பு வேற, ஏமாத்து வேற. தப்புன்னா மறுபடி அப்ளை பண்ணலாம். ஏமாத்துன்னாதான் பத்து வருஷம். ஏமாத்தினான்னு சொல்றவங்கதான் அத நிரூபிக்கணும்."

"நாம ஏமாத்தலியே."

"அதத்தான் காட்டணும். ரெண்டு சர்டிபிகேட்டுல எத வெச்சாலும் நீ அந்தப் பொண்ணோட புருஷன்தான். பொய் சொல்லி உனக்குக் கெடைக்கிறது ஒண்ணும் இல்ல. அப்ப ஏன் ரெண்டு தேதி? லெந்து நாளுன்னா இன்னா, சபையில இன்னா வழக்கம், யார் எழுதினாங்க, ஏன் எழுதினாங்க. எல்லாம் ஒளிக்காம வேணும். எழுதினவரு கையெழுத்தோட."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் சத்தியநாதனைப் பார்க்கவில்லை. ஜெஸ்டனைப் பார்த்தார்.

"நீயும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டிருக்கியே. படிக்கலியா?"

"அன்னிக்கு யாரு பாய் படிப்பாங்க. அப்பா விரல் வெச்ச எடத்துல போட்டேன். அவளும் அப்படித்தான்."

"அதையே எழுதிக்கறேன்."

முனீர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்குமூலத்தை சத்தியநாதனிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாத்தியார் விடைத்தாள் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

"'மேற்படி பதிவு உண்மைக்கு மாறானது என்று எழுதும்போதே அறிந்திருந்தேன்.'" வாய்விட்டுப் படித்தார். "இதக் கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு போட முடியாதா?"

"கவனக்குறைவா," என்றார் முனீர். "நீங்களா சார்?"

மின்விசிறி சுற்றியது. சத்தியநாதன் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார்.

"இன்னொன்னும் சொல்லணும் சார். இதுல உங்களுக்கு ஆபத்து இருக்கு. கல்யாணப் பதிவுல தெரிஞ்சே பொய் எழுதினா சட்டத்துல தண்டனை உண்டு. யாராவது புகார் குடுத்தா கேஸ் ஆகலாம். ஆகாமலும் போகலாம். யோசிச்சு சொல்லுங்க. நான் தொழுதுட்டு ரெண்டு மணிக்கு வர்றேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பாவும் மகனும் அந்த அறையிலேயே இருந்தார்கள். கீழே கடையில் பீப்பாய் உருட்டினார்கள். சத்தியநாதன் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தார். மறுபடி.

ஒன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தேவகிருபை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். கையில் டிபன் பாக்ஸ்.

"சாப்பிடுங்க ரெண்டு பேரும்."

"பசியில்ல," என்றார் சத்தியநாதன்.

"நேத்து ராத்திரியும் பசியில்ல. சுகர் மாத்திரை போட்டுட்டு பசியில்லன்னு சொன்னா யாரு தூக்கிக்கினு ஓடறது?" டப்பாவைத் திறந்து அவர் முன் வைத்தாள். பிறகுதான் காகிதத்தைக் கேட்டாள். படித்தாள். மூன்றாவது பத்தியில் அவள் விரலும் நின்றது. ஆனால் கேட்டது வேறு.

"இதுல என் பேரு எங்க?"

"உன் பேரு எதுக்கு?" என்றார் சத்தியநாதன்.

"குடியாத்தத்துல சாட்சிக் கையெழுத்து போட்டது நான். ரெண்டு மாசம் கழிச்சு சர்ச்சுல மூணு ஞாயித்துக்கிழமை அறிக்கை வாசிச்சாங்களே, யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு. முன் வரிசையில உக்காந்து கேட்டுக்கினு இருந்ததும் நான்தான். நீங்க எழுதினத நீங்க சொல்லுங்க. பார்த்துட்டு சும்மா இருந்தத நான் சொல்றேன்."

"உனக்கு வேலை இருக்கு. ஆஸ்பத்திரியில தெரிஞ்சா..."

"தெரியட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. ஸ்பூனைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார்.

முனீர் வந்ததும் சத்தியநாதன் பேனாவைத் திறந்தார். காலையில் மை காய்ந்த அதே பேனா. முதல் கோடு விழவில்லை. காகிதத்தின் ஓரத்தில் கிறுக்கிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. முனையை உள்ளங்கையில் ஒரு தரம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சத்தியநாதன், சபைச் செயலர் என்று எழுதினார். பதவி வேண்டாம் சார், பெயர் போதும் என்றார் முனீர்.

"இருக்கட்டும்," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கே."

தேவகிருபைக்குத் தனியாக ஒரு பக்கம் தட்டச்சு செய்தார்கள். ஜெஸ்டனுக்கு ஒன்று. நோட்டரி முத்திரை வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து முடிக்கும்போது மூன்றரை ஆகிவிட்டது. ஜெஸ்டனுக்கு இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கொட்டாவி வந்தது.

"அனுப்பிடலாமா பாய்?"

"ஒரு நிமிஷம். சொலிசிட்டரம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க." முனீர் திரையைப் படித்தார். "பிப்ரவரி பத்தொன்பதுக்கும் ஏப்ரல் இருபத்துநாலுக்கும் நடுவுல உங்க வீட்டுல அந்த ஊரு கவர்மென்ட்டுக்கு ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"யாரு, அக்சாவா?"

"ஆமா."

ஜெஸ்டன் யோசித்தான். "அவ விசா அப்ளிகேஷன். மார்ச்சுல போட்டா."

"அதுல கல்யாணம் ஆச்சா, ஆகலியான்னு ஒரு கேள்வி இருக்கும். ஃபார்ம் யாரு நிரப்பினது?"

"பூவரசன்."

முனீர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைத் திருப்பி ஜெஸ்டனுக்கு நேராக உட்கார்ந்தார்.

"கேட்டுக்க. அதுல கல்யாணம் ஆச்சுன்னு இருந்தா இதவிட நல்ல சாட்சி உனக்கு வேற இல்ல. அன்னிக்கே ஒளிக்கலன்னு ஆகும். இதுக்கு மேல உக்காந்து வாதாடவே தேவையில்ல."

"ஆகலன்னு இருந்தா?"

"அப்ப நாம இன்னிக்கு மூணு பேரு சத்தியம் பண்ணி எழுதின பேப்பர் இன்னா சொல்லுது? பிப்ரவரியிலயே கல்யாணம் ஆச்சு, அது வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னு சொல்லுது. மார்ச்சுல அந்தப் பொண்ணு பொய் சொல்லி விசா வாங்கினான்னு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி. அந்தப் பொண்ணோட விசாவையே ரத்து பண்ணலாம். வேலையும் அதோட போகும்."

"அனுப்பலன்னா?"

"அனுப்பலன்னா உனக்கு பத்து வருஷம்."

தேவகிருபை டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடினாள். ஏற்கனவே மூடியிருந்த மூடி.

பழசக் கிளறினா அக்சா மேடத்துக்கும் நல்லதில்ல. காலையில் கேட்ட வரி ஜெஸ்டனுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. பூவரசனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். சுவிட்ச் ஆஃப்.

"அக்சா எப்ப போன் எடுப்பாங்க?" என்று முனீர் கேட்டார்.

"நாலு மணிக்கு. அங்க பதினொன்றரை. பிரேக்."

பதினைந்து நிமிடம் இருந்தது. சத்தியநாதன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் பொண்ணு நர்ஸ். மருந்து டோஸ் ரெண்டு தரம் சரி பார்க்கிற கை. படிக்காம கையெழுத்து போடாது."

"நம்ம சர்ச் ரிஜிஸ்டர்ல படிக்காம போட்டாளே," என்றாள் தேவகிருபை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே அக்சா கூப்பிட்டாள். ஜெஸ்டன் போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தான். கதவைச் சாத்தவில்லை.

"என்னங்க, அனுப்பியாச்சா?" வாயில் எதையோ மென்றுகொண்டே கேட்டாள்.

"சாப்பிடறியா?"

"சாண்ட்விச். பேஜார் புடிச்ச சாண்ட்விச். பத்து நிமிஷம்தான் இருக்கு. சொல்லுங்க. மாமா கையெழுத்து போட்டாரா?"

"போட்டாரு."

"நிஜமாவா?"

"அம்மாவும் போட்டாங்க."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் ஏதோ ஒரு மணி விட்டு விட்டு அடித்தது. யாரோ இங்கிலீஷில் சிரித்தார்கள்.

"மாமா போடமாட்டாருன்னு நெனைச்சேங்க. ராத்திரியெல்லாம் அதான் நெனைச்சேன். நான் திரும்பி வந்துடறேன்னு எழுதி வெச்சிருந்தேன். இன்னிக்கு உங்களுக்கு அனுப்பலாம்னு. இனிமே அத அழிச்சிடலாம் இல்ல?"

"அக்சா."

"இன்னா?"

கதவிடுக்கில் அப்பா தெரிந்தார். ஜன்னலை விட்டுத் திரும்பி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் மைக்கோடு. கணினியில் எல்லாக் காகிதங்களும் ஏறியிருந்தன. ஒரு பொத்தான் பாக்கி.

"ஏன் பேசமாட்டேங்கிறீங்க? எனக்கு பயமா இருக்கு."

"நான் கேட்கிறதுக்கு யோசிக்காம சொல்லு. மார்ச்சுல பூவரசன் உன் விசா ஃபார்ம் போட்டான் இல்ல, அதுல கல்யாணம் ஆச்சான்னு கேட்டிருப்பாங்க. இன்னான்னு போட்டிருக்கு?"